அமெரிக்கப் பிராந்திய விமான நிறுவனங்களின் விமானிகள்

பெருநகர விமான நிலையங்களிலிருந்து சிறு நகரங்களுக்கு, பெரும்பாலும் 50 முதல் 76 இருக்கைகள் கொண்ட விமானங்களை வேறொரு பெரிய நிறுவனத்தின் பெயரில் இயக்குபவையே அமெரிக்காவின் பிராந்திய விமான நிறுவனங்கள். யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜில் தலைமையகம் கொண்ட ஸ்கைவெஸ்ட், இண்டியானா மாநிலத்தில் உள்ள ரிபப்ளிக், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்துக்குச் சொந்தமான என்வாய், பி.எஸ்.ஏ., பீட்மான்ட், டெல்டாவுக்குச் சொந்தமான எண்டவர் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. அந்நாட்டின் பயணிகள் விமானப் புறப்பாடுகளில் ஐந்தில் இரண்டு பங்கு வரை இவை இயக்கிய ஆண்டுகள் உண்டு. பயணி டிக்கெட் வாங்குவது யுனைட்டெடிலோ டெல்டாவிலோ. விமானத்தின் வாலில் இருப்பதும் அந்தச் சின்னமே. ஓட்டுபவர் மட்டும் வேறு நிறுவனத்தின் ஊழியர். அவருடைய சம்பளம் பல ஆண்டுகள் வெட்கப்படத்தக்க அளவுக்குக் குறைவாக இருந்தது. 2022-இல் அது ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்கானது. இரண்டுக்கும் காரணம் இந்த நிறுவனங்கள் இயங்கும் ஒப்பந்த முறையிலும் ஆள் வரத்திலும் இருக்கிறது.

ஒப்பந்த முறை

1978-ஆம் ஆண்டு விமானத் துறைக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டபின், பெரிய நிறுவனங்கள் அட்லாண்டா, சிகாகோ, டல்லாஸ் போன்ற மையங்களில் போக்குவரத்தைக் குவித்தன. சிற்றூர்ப் பயணிகளை அந்த மையங்களில் கொண்டுவந்து சேர்க்கும் வேலை சிறு நிறுவனங்களிடம் விடப்பட்டது. முதலில் 19, 30 இருக்கை டர்போபிராப் விமானங்கள் ஓடின. 1990-களில் கனடாவின் பம்பார்டியரும் பிரேசிலின் எம்ப்ரேயரும் தயாரித்த 50 இருக்கை ஜெட்டுகள் வந்தன.

இன்று பரவலாக உள்ள திறன் கொள்முதல் ஒப்பந்தத்தின்படி டிக்கெட் விற்பனை, கட்டணம், கால அட்டவணை எல்லாம் பெரிய நிறுவனத்தின் கையில். எரிபொருள் செலவையும் பெரும்பாலும் அதுவே ஏற்கிறது. பிராந்திய நிறுவனத்துக்குப் புறப்பாட்டுக்கு இவ்வளவு, பறந்த மணிக்கு இவ்வளவு என்று பேசிய தொகை கிடைக்கும். விமானம் நிரம்பிப் போனாலும் காலியாகப் போனாலும் அதே தொகைதான். ஒப்பந்தத்தைப் பிடிக்க அது குறைத்துக் காட்டக்கூடிய செலவு என்று மிஞ்சுவது ஆட்களின் சம்பளம்.

இதில் விமானிக்குப் பாதகமான ஒரு சுழற்சி உண்டு. விமானிகள் ஒரே நிறுவனத்தில் நீண்ட காலம் தங்கினால் பணிமூப்புப்படி சம்பளம் ஏறும். நிறுவனத்தின் செலவு கூடும். அடுத்த ஒப்பந்தம், புதியவர்களை வைத்து ஓட்டும் இன்னொரு நிறுவனத்துக்குப் போகும். காம்ஏர் நிறுவனத்தின் விமானிகள் 2001-இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து, பிராந்தியத் துறையிலேயே மெச்சத்தக்க ஊதிய ஒப்பந்தம் ஒன்றைப் பெற்றார்கள். 2005-இல் தாய் நிறுவனமான டெல்டாவுடன் சேர்ந்து காம்ஏரும் திவால் பாதுகாப்பை நாடியது. 2012 செப்டம்பரில் டெல்டா அதை ஒரேயடியாக மூடியது. செலவு அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

பெரிய நிறுவன விமானிகளின் தொழிற்சங்க ஒப்பந்தங்களில் வெளி நிறுவனங்களுக்கு விடக்கூடிய விமானத்தின் அளவுக்கு வரம்பு உண்டு. பொதுவாக 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை. எம்ப்ரேயர் 175 இந்த வரம்புக்குள் அடங்கும் விமானம். இந்த விதி பெரிய நிறுவன விமானியின் வேலையைக் காக்கிறது. பிராந்திய விமானி பெரிய விமானம் ஓட்ட வேண்டுமானால் நிறுவனம் மாறியே ஆகவேண்டும். இரு தரப்பு விமானிகளில் பலர் ஏ.எல்.பி.ஏ. என்ற ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள் என்பதால், சங்கத்துக்குள்ளேயே இது பல ஆண்டுகளாக மனக்கசப்பை வளர்த்திருக்கிறது. ஸ்கைவெஸ்ட் விமானிகள் அந்தச் சங்கத்தில் இல்லை. அங்கு உள்அமைப்பு ஒன்றே நிர்வாகத்துடன் பேசுகிறது.

சம்பளக் கணக்கு

விமானிக்கு மாதச் சம்பளம் கிடையாது, மணிக்கூலிதான். அந்த மணியும் வேலைக்கு வந்த நேரத்திலிருந்து ஓடாது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும்போது தொடங்கி, போய்ச்சேர்ந்த இடத்தில் நிற்கும்போது முடியும். காலை 5 மணிக்கு நிலையத்துக்கு வந்து, வானிலை அறிக்கை பார்த்து, விமானத்தைச் சுற்றிவந்து சோதித்து, நான்கு குறுகிய பயணங்களை ஓட்டி, இடையே இரண்டு மணி நேரம் காத்துக்கிடந்து மாலை 4 மணிக்கு விடுதிக்குப் போகிறவருக்கு அந்த நாள் 11 மணி நேர வேலை. சம்பளக் கணக்கில் 5 அல்லது 6 மணியே ஏறும். வெளியூரில் இருக்கும் நேரத்துக்கு உணவுப்படி தனி. இருக்கை குறைந்த விமானத்தில் மணிக்கூலியும் குறைவு. அதே வானிலையில், அதே ஓடுபாதையில் இறங்கும் பொறுப்பு மட்டும் குறைவதில்லை.

மாதத்துக்கு 75 மணி அளவில் உத்தரவாதம் தருவது துறையின் வழக்கம். 2000-களின் இறுதியில் முதலாண்டுத் துணை விமானியின் மணிக்கூலி 20 முதல் 25 டாலர் வரை இருந்தது. மணிக்கு 22 டாலர் என்றால், உத்தரவாத மணிகளுக்கு ஆண்டு வருமானம் 19,800 டாலர். விமானப் பயிற்சிக்காக வாங்கிய கடனின் தவணையை இதிலிருந்துதான் கட்ட வேண்டும். அடுத்த படியில் பெரிய நிறுவனம் காத்திருக்கிறது என்ற நம்பிக்கையைக் காட்டியே நிர்வாகங்கள் இந்தக் கூலிக்கு ஆள் பிடித்தன. 2001-க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலானபோது அந்தப் படியும் எட்டாமல் போனது. ஓய்வு வயது 60-இலிருந்து 65 ஆக 2007 டிசம்பரில் உயர்த்தப்பட்டதால், மேலே காலியாக வேண்டிய இடங்கள் மேலும் ஐந்தாண்டு காலியாகவில்லை.

பணிமூப்பும் அன்றாடமும்

பிராந்திய விமானியின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது பணிமூப்பு எண். எந்த ஊரில் பணி, எந்த விமானம், எந்த நாள் விடுமுறை, எப்போது கேப்டன் பதவி என எல்லாம் அந்த எண்ணின்படியே கிடைக்கும். நிறுவனம் மாறினால் பட்டியலின் அடியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பத்தாண்டு கேப்டனாக இருந்தவரும் புதிய இடத்தில் முதலாண்டுத் துணை விமானிதான். கூலி குறைவு என்று தெரிந்தும் பலர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டதற்கு இதுவே பெரிய காரணம்.

பட்டியலின் அடியில் இருப்பவர்களுக்கு நிலையான பயண அட்டவணை கிடைக்காது. அவர்கள் 'ரிசர்வ்'. அழைப்பு வந்தால் இரண்டு மணி நேரம் போன்ற குறுகிய அவகாசத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பணியிடம் நியூயார்க் போன்ற வாடகை மிகுந்த ஊராக இருந்து, குடும்பம் வேறு மாநிலத்தில் இருந்தால், அவர் பிற நிறுவன விமானங்களில் காலி இருக்கை தேடி வேலைக்குப் பறந்து வர வேண்டும். அந்தப் பயணம் பணி நேரத்தில் சேராது. வந்த ஊரில் தங்க, பல விமானிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒரு கட்டில் பிடிப்பார்கள். 'கிராஷ் பேட்' என்பது அதற்கு அவர்கள் வழங்கும் பெயர். அந்த வாடகையும் சொந்தச் செலவு.

பஃபலோ விபத்து

2009 பிப்ரவரி 12 இரவு, நூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் 3407 விமானம் கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை, வேகம் குறைந்துவிட்டதை உணர்த்தும் எச்சரிக்கைக்குக் கேப்டன் காட்டிய தவறான எதிர்வினையே விபத்தின் காரணம் என்றது. விமானத்தின் முகப்பைத் தாழ்த்த வேண்டிய நேரத்தில் அவர் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்தார்.

விசாரணை அதோடு நின்றிருந்தால் இது மற்றொரு விமானிப் பிழையாகவே பதிவாகியிருக்கும். ஆனால் விமானிகளின் வாழ்க்கைச் சூழலும் அதில் வெளிவந்தது. துணை விமானி சியாட்டில் அருகே பெற்றோருடன் வசித்தவர். பணிக்கு வர, சரக்கு விமானத்தில் இரவெல்லாம் பயணம் செய்து, மெம்ஃபிஸில் மாறி, காலையில் நூவர்க்கில் இறங்கியிருந்தார். கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில். முந்தைய இரவை அவர் பணியாளர் அறையில் கழித்திருந்தார். துணை விமானிக்கு உடல்நலமும் சரியில்லை. இப்போது விடுப்பு சொன்னால் குணமாகும்வரை விடுதிச் செலவு தன் தலையில் விழும் என்று அவர் கேப்டனிடம் பேசியது விமானி அறை ஒலிப்பதிவில் இருக்கிறது. அவருடைய ஆண்டுச் சம்பளம் 16,000 டாலர் அளவு என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அதைவிடக் கூடுதல் என்று நிறுவனம் பின்னர் விளக்கியது. எந்தத் தொகையானாலும் நூவர்க் வட்டாரத்தில் தனியே வீடு எடுக்க அது போதாது. களைப்பு விபத்துக்கு எந்த அளவுக்குக் காரணம் என்பதில் வாரிய உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கேப்டன் சில சோதனைப் பறத்தல்களில் தேறாதவர் என்பதும், அவற்றில் சிலவற்றை நிறுவனம் அறியாமலே வேலைக்கு எடுத்தது என்பதும் தெரியவந்தன.

சட்டம்

இறந்தவர்களின் குடும்பத்தினர் வாஷிங்டனுக்கு மீண்டும் மீண்டும் சென்று வாதாடியதன் விளைவே 2010 ஆகஸ்ட் 1 அன்று கையெழுத்தான விமானப் பாதுகாப்புச் சட்டம். சம்பளத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அதுவரை 250 மணி பறந்து வணிக உரிமம் பெற்றவரைத் துணை விமானியாக்க முடிந்தது. 2013 முதல் அவருக்கும் உயர்நிலை விமானப் போக்குவரத்து உரிமம் கட்டாயமானது. அதற்கு 1,500 மணி வேண்டும். இராணுவ விமானிகளுக்கு 750, அங்கீகரிக்கப்பட்ட விமானவியல் இளநிலைப் பட்டதாரிகளுக்கு 1,000 மணி என்று சலுகை உண்டு. கேப்டன் ஆவதற்கு, விமான நிறுவனப் பணியில் மேலும் 1,000 மணி அனுபவம் தேவை.

2014 ஜனவரியில் புதிய பணி நேர விதிகள் வந்தன. பணிகளுக்கு இடையே 10 மணி ஓய்வு, அதில் 8 மணி தடையின்றித் தூங்க வாய்ப்பு என்பது குறைந்தபட்சம் ஆனது. பழைய விதி ஓய்வை 8 மணியாகச் சுருக்க இடம் தந்தது. விடுதிக்குப் போய்வரும் நேரமும் அதற்குள் அடங்கியதால், தூக்கத்துக்கு ஐந்து, ஆறு மணிதான் மிஞ்சும். சரக்கு விமானிகளுக்கு இந்தப் புதிய விதிகள் பொருந்தாது. இந்த விதிவிலக்கு நியாயமற்றது. சரக்கு விமானம் ஓட்டுபவருக்கும் அதே வானம், அதே களைப்பு.

பற்றாக்குறை

1,500 மணியைச் சேர்க்க இளம் விமானிகள் பெரும்பாலும் பயிற்சிப் பள்ளிகளில் ஆசிரியர்களாகிறார்கள். விளம்பரப் பதாகை இழுப்பது, வான்வழி அளவைப் படமெடுப்பது போன்ற வேலைகளும் உண்டு. ஒரு லட்சம் டாலர் அளவுக்குச் செலவழித்து இவ்வளவு தூரம் வந்து 20,000 டாலர் வேலைக்குச் சேர அப்போது ஆள் கிடைக்கவில்லை. வயோமிங்கின் கிரேட் லேக்ஸ் நிறுவனம் தன் 19 இருக்கை பீச்கிராஃப்ட் விமானங்களில் இருக்கைகளைக் கழற்றி ஒன்பதாகக் குறைத்தது. ஒன்பது இருக்கை விமானத்துக்கு 1,500 மணித் துணை விமானி தேவையில்லை. அப்படியும் தாக்குப்பிடிக்க முடியாமல் 2018-இல் பயணிகள் சேவையை நிறுத்தியது. ரிபப்ளிக் 2016-இல் திவால் மனு தாக்கல் செய்தபோது விமானிப் பற்றாக்குறையையே முதன்மைக் காரணமாகக் காட்டியது.

பெருந்தொற்று நிலைமையை முற்ற வைத்தது. 2020-இல் பெரிய நிறுவனங்கள் மூத்த விமானிகளைச் சலுகை கொடுத்து ஓய்வுக்கு அனுப்பின. பயணிகள் திரும்பியதும் அந்த இடங்களை நிரப்பப் பிராந்திய நிறுவனங்களிலிருந்து ஆட்களை அள்ளின. ஸ்கைவெஸ்ட் 2022 மார்ச்சில் அரசு மானியம் பெறும் 29 சிற்றூர்ச் சேவைகளைக் கைவிட அறிவிப்புக் கொடுத்தது. அவ்வாண்டு வசந்தத்தில் யுனைட்டெடின் பிராந்தியப் பங்காளிகளின் 150 விமானங்கள் ஓட்ட ஆளின்றி நின்றன. டொலிடோ, இத்தாக்கா, டுபியூக் ஆகிய ஊர்களுக்கு அமெரிக்கன் விமானங்கள் நின்றுபோயின.

2022 ஜூனில் என்வாய் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் அறிவித்தது. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட கூடுதல் தொகையும் அதில் அடக்கம். 75 மணிக் கணக்கில் ஆண்டுக்கு 81,000 டாலர். ஆகஸ்டில் மேசா என்ற இன்னொரு பிராந்திய நிறுவனம் துணை விமானிக்கு 100, கேப்டனுக்கு 150 என்றது. மற்றவையும் தொடர்ந்தன. நாற்பது ஆண்டு சங்கப் பேச்சுவார்த்தை தராததை ஆள் தட்டுப்பாடு சில மாதங்களில் தந்தது.

அடுத்து கேப்டன்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1,000 மணியை எட்டுவதற்குள் பலர் வேறு நிறுவனம் போனார்கள். எட்டியவர்களில் சிலர் பதவி உயர்வை மறுத்தார்கள். மூத்த துணை விமானியாக நல்ல அட்டவணையில் இருப்பவர், புதிய கேப்டனானால் மறுபடி ரிசர்வ் பட்டியலின் அடிக்குப் போக வேண்டும் என்பதே காரணம். சேர்ப்பு ஊக்கத்தொகை கொடுத்து, குறிப்பிட்ட காலம் தங்காவிட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று நிறுவனங்கள் பிணைப்பு எழுதி வாங்கின.

1,500 மணி விவாதம்

பஃபலோ விமானத்தின் விமானிகள் இருவருமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள். ஆகவே இந்த வரம்பு அந்த விபத்தைத் தடுத்திருக்காது என்றும், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 200 மணி அளவில் உரிமம் பெற்றவர்கள் ஜெட் விமானத்தில் துணை விமானிகளாகிறார்கள் என்றும் நிறுவனங்கள் வாதிடுகின்றன. தன் பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்கு 750 மணி போதும் என்று அனுமதி கேட்ட ரிபப்ளிக்கின் மனுவை 2022 செப்டம்பரில் கூட்டாட்சி விமான நிர்வாகம் நிராகரித்தது. ஸ்கைவெஸ்ட் வேறு வழி தேடியது. 50 இருக்கை ஜெட்டில் 30 இருக்கை மட்டும் வைத்து, வாடகை விமான விதிகளின்கீழ் சிற்றூர்களுக்கு இயக்க அனுமதி கோரியது. கிரேட் லேக்ஸ் செய்ததன் பெரிய வடிவம் இது. விமானிகள் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. 2024 மே மாதச் சட்டம் 1,500 மணி வரம்பைத் தொடவில்லை. ஓய்வு வயதை 67 ஆக்கும் முயற்சியும் அதில் இடம்பெறவில்லை.

2024-இல் போயிங் விமானங்கள் வரத் தாமதமானதால் பெரிய நிறுவனங்களில் சேர்ப்பு தளர்ந்தது. பிராந்திய நிறுவனங்களிலிருந்து வெளியேறுவோர் குறைந்தார்கள். 1,500 மணியை முடித்த பயிற்சி ஆசிரியர்கள் பயிற்சி வகுப்பில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிவந்தது. கூலி பழைய நிலைக்கு இறங்கவில்லை. சம்பளக் கணக்கு இன்றும் விமானம் நகரும்போதுதான் தொடங்குகிறது.