பரிசு வாங்காத பிள்ளையும் நம் பிள்ளைதான்



இன்று பரிசளிப்பு விழா. பெயர் வாசிக்க வாசிக்கச் சில பிள்ளைகள் மேடை ஏறி வருவார்கள். நாம் கை தட்டுவோம், தட்டத்தான் வேண்டும். ஆனால் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டும் மற்றப் பிள்ளைகள் அந்த நேரத்தில் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? "அடுத்த வருசம் நானும் பாக்குறேன்" என்றா? "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்றா? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பள்ளிப் பருவத்தில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. ஜோகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆயினும் இங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருகத் தோட்டப் பள்ளிகளும் தோன்றின. பல இடங்களில் ஆயாக் கொட்டகையோ கோயில் கொட்டகையோதான் வகுப்பறை. கங்காணியோ கிராணியோ ஆசிரியர். பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்பதைவிட, குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்க வேண்டும் என்பதே முதலாளிமார்களின் முதல் கவலை.

அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளை தன்னைப் பற்றி என்ன எண்ணியிருக்கும்? மணி அடித்ததும் தாய்க்குத் துணையாகக் கட்டிப்பால் பொறுக்கப் போக வேண்டும். "கையெழுத்துப் போடத் தெரிஞ்சாப் போதும், அப்புறம் வாளியைத் தூக்கத்தானே போறே" என்று பெரியவர்களே சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கும் சிறு வயதில் அதுதான் சொல்லப்பட்டது. பிள்ளையின் கனவுக்குத் தோட்டத்து எல்லையே வேலி ஆயிற்று.

அந்த வேலியில் ஒரு வாசல் திறந்ததும் உண்டு. 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழ், 1950-களில் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியைப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கியது. சிங்கப்பூர், மலாயாப் பிள்ளைகள் அதில் எழுதினார்கள். லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கடியில் எழுதி அனுப்பிய நாலு வரி, அச்சில் பெயரோடு வந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னாளில் எழுத்தாளர்களாக விளங்கிய பலர் அங்கே எழுதிப் பழகியவர்களே. அவர்களுக்குக் கோப்பையும் பதக்கமும் தேவைப்படவில்லை. 'உன் எழுத்தைப் படித்தோம்' என்ற ஒரு சேதியே போதுமானதாக இருந்தது.

மறுபுறம் தேர்வுகள் வந்தன. 1964 வரை இடைநிலைப்பள்ளிக்குப் போக நுழைவுத் தேர்வு இருந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் தேறவில்லை. பன்னிரண்டு வயதிலேயே "நீ தோத்துட்டே" என்று முத்திரை குத்தப்பட்டது. 1965-இல் அந்தத் தடை நீங்கியது. ஆயினும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டியிருந்தது. மொழிப் பயிற்சிக்காக என்பது காரணம். ஆனால் தன் வயதுத் தோழன் ஒரு படி மேலே போவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்தக் காரணமா மனத்தில் நிற்கும்?

பின்பு 1988-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. 'ஏழு ஏ' எடுத்தவர்களின் படங்கள் நாளிதழ்களை நிறைத்தன. அது நம் சமுதாயத்துக்குப் பெருமைதான். ஆனால் மூன்று 'ஏ' எடுத்த பிள்ளை, அந்த வாரம் முழுவதும் அறையை விட்டு வெளியே வராமல் இருந்ததும் நம் வீடுகளில் நடந்ததே! 2019-இல் முதல் மூன்றாண்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வுகள் நீக்கப்பட்டன. அதே ஆண்டில்தான் யு.பி.எஸ்.ஆர். கடைசியாக நடந்தது. 2020-இல் பெருந்தொற்றால் நடக்கவில்லை, 2021-இல் ஒழிக்கப்பட்டது.

தேர்வு போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ஏனெனில் பிள்ளைக்கு மதிப்பெண் போடுவது தேர்வு மட்டுமன்று, நாமும் போடுகிறோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் ஒரு தொடக்கப்பள்ளியில் செய்த ஆய்வை 1968-இல் நூலாக வெளியிட்டார்கள். குலுக்கிப் போட்டு எடுத்தாற்போலச் சில பிள்ளைகளைத் தேர்ந்து, "இவர்கள் இந்த ஆண்டில் நன்றாக முன்னேறுவார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் அப்பிள்ளைகள், அதுவும் முதல் இரண்டு வகுப்புச் சிறுவர்கள், மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்று அறிஞர்கள் பின்னர் வாதாடியது உண்மை. ஆனால் பெரியவர் பார்க்கும் பார்வையிலிருந்து பிள்ளை தன்னைக் கற்றுக்கொள்கிறது என்பது, பிள்ளை வளர்த்த எந்தத் தாய்க்கும் தெரிந்த செய்திதானே!

பெற்றோர்களே! விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டுக் களைத்து வருகிறீர்கள். தொழிற்சாலைக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவர்களும் இருக்கிறீர்கள். பிள்ளையிடம் பேச அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. அந்த அரை மணியை "எத்தனையாவது வந்தே? பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பாரு" என்று செலவழிக்க வேண்டாம். "இன்னைக்கு எதுல சிரிச்சே? யாருக்கு ஒத்தாசை பண்ணினே? எது புரியல?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் "ஒன்னுமில்ல" என்றுதான் பதில் வரும். நான்காம் நாள் பேச்சு வரும்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கியவர்களுக்கு எங்கள் வாழ்த்துகள். வாங்காதவர்களுக்கு ஒரு சொல்: இன்று மேடையில் வாசிக்கப்பட்ட பட்டியல் ஓராண்டுக் கணக்கு மட்டுமே. உங்களுடைய கணக்கு இன்னும் முடியவில்லை.

விழா முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், வெறுங்கையோடு வரும் பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டு நடங்கள். அது பல ஆண்டுகள் அந்தப் பிள்ளையின் நினைவில் நிற்கும்.