யாப்பைக் காத்த இரு ஜெனரல்கள்

சிலி என்றதும் நம்மவர்கள் நெரூடாவைப் பேசுவர். எனக்கோ இரு ஜெனரல்களே நினைவில் எழுகின்றனர். 1970 ஜனாதிபதித் தேர்தலில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. யாப்பின்படி தெரிவுசெய்ய வேண்டியது காங்கிரஸே, இராணுவம் அதில் தலையிடாது என்று தளபதி ரெனே ஷ்னைடர் உறுதியாக நின்றார். அயெந்தேயைத் தடுக்க முனைந்தோரின் கடத்தல் முயற்சியில் ஒக்டோபர் 22இல் சுடப்பட்டு, 25இல் உயிர்நீத்தார்.

அடுத்து வந்த கார்லோஸ் பிராட்ஸும் அதே சத்தியத்தில் நின்றார். 1973 ஓகஸ்டில் பதவி துறக்கையில், பினோசேயை நம்பிப் பரிந்துரைத்தவரும் அவரே! செப்டெம்பர் 11இல் பினோசே யாப்பைக் கவிழ்த்தார். பிராட்ஸ் ஆர்ஜென்டீனா சென்றார். ஓய்வுபெற்றவர் வாய்மூடி இருந்திருக்கலாம். அவரோ நடந்தவற்றை எழுதலானார். 1974 செப்டெம்பர் 30இல், புவனஸ் அயர்ஸில் கார்க் குண்டு அவரையும் மனைவி சோபியாவையும் பலிகொண்டது. அந்த எழுத்தை மகள்மார் 1985இல் நூலாக்கினர்.