‘வி3’ எதற்குச் சான்று? லினக்ஸ் மல்டிகாஸ்ட் அறிக்கை பற்றி ஒரு மறுவாசிப்பு

மல்டிகாஸ்ட் ஒளிபரப்பு தொடங்கிச் சில நிமிடங்களில் அறுந்துபோனால், பழி பெரும்பாலும் இயங்குதளத்தின் மேல்தான் விழுகிறது. கெர்னல் உறுப்பினர் அறிக்கையை அனுப்பத் தவறுகிறது என்பது முந்தைய ஆய்வுமரபு ஒன்றின் முடிவு. லினக்ஸின் ப்ராக் கோப்பகத்தில் நெட் பிரிவில் உள்ள ஐஜிஎம்பி கோப்பை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தச் சான்று தவறாக வாசிக்கப்பட்டுள்ளது.

திருவனந்தபுரத்துக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் அங்குதான் தொடங்கப்பட்டது. கேரளப் பள்ளிகளுக்கான உபுண்டு வழி இயங்குதளத்தை வெளியிடும் ‘கைட்’ நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேதான். அந்தப் பள்ளிக் கணினிகளில் இக்கோப்பைத் திறந்து பார்க்கலாம். அதை அச்சிடும் மூல நிரலையும் படிக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் விவகாரம் தீர்ந்துவிடும்.

கோப்பில் ஒவ்வொரு இடைமுக வரியின் கடைசியிலும் ‘கொயரியர்’ என்ற தலைப்பின்கீழ் வி1, வி2, வி3 ஆகியவற்றில் ஒன்று நிற்கும். வி3 என்று கண்டதும், வலையில் ஐஜிஎம்பி நெறிமுறையின் மூன்றாம் பதிப்பில் வினவும் ரவுட்டர் இருக்கிறது, கேள்வி வருகிறது, பதில்தான் போகவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நிரல் அப்படிச் சொல்லவில்லை. முதல் பதிப்பின் கேள்வி அண்மையில் வந்ததா என்று அது பார்க்கிறது, வந்திருந்தால் வி1. இல்லாவிட்டால் இரண்டாம் பதிப்பைத் தேடுகிறது, கிடைத்தால் வி2. இரண்டும் இல்லையென்றால், வேறெதையும் சோதிக்காமல் வி3 என்று எழுதிவிடுகிறது. பதிப்பைக் கட்டாயப்படுத்தும் அமைப்பைத் தொடாதவரை, கேள்வி கேட்க ஒருவருமே இல்லாத வலையிலும் வி3தான் தெரியும்.

‘ரிப்போர்ட்டர்’ பத்தியும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. அங்கே 0 இருந்தால் கணினி ஊமையாகிவிட்டது என்கிறார்கள். அந்தக் கொடி, குழுவுக்குரிய தனி டைமர் முடிந்து அறிக்கை போகும்போதுதான் 1 ஆகிறது. மூன்றாம் பதிப்பில் பொதுக் கேள்விக்கான பதில் இடைமுகம் முழுவதற்குமான வேறொரு டைமர் வழியாகப் போகிறது, கொடியைத் தொடுவதில்லை. ஒழுங்காகப் பதில் சொல்லும் கணினியிலும் 0 நிற்கலாம்.

அப்படியானால் ஒளிபரப்பு ஏன் நிற்கிறது? குழுவில் சேரும்போது கணினி 224.0.0.22 முகவரிக்கு அறிக்கை அனுப்பி, அதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறது. பிறகு கேள்விக்காகக் காத்திருக்கிறது. 2002ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3376 தரும் இயல்பு மதிப்புகளின்படி கேள்வி இடைவெளி 125 நொடி, உறுதி எண் 2, பதிலுக்கான அவகாசம் 10 நொடி. இரண்டு 125, கூட ஒரு 10: மொத்தம் 260 நொடி. கேள்வியே வராத வலையில், அறிக்கைகளைக் கவனித்துப் போர்ட் பட்டியல் வைக்கும் ஸ்னூப்பிங் ஸ்விட்ச், இதே கணக்கைப் பின்பற்றினால், அந்தக் கணினியின் போர்ட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் இந்தக் கால அளவு மாறலாம்; ஆனால் நாலேகால் நிமிடத்தை ஒட்டி ஒளிபரப்பு அறுந்தால் சந்தேகம் முதலில் விழ வேண்டியது வினவும் ரவுட்டர் இல்லாமையின் மேல்தான்.

பதிப்பை 2க்குக் கட்டாயப்படுத்தினால் சரியாகிவிடுகிறதே என்று கேட்கலாம். மூன்றாம் பதிப்பு புரியாத பழைய ஸ்விட்சில் சரியாகும்; அது வேறு நோய். லினக்ஸ் பிரிட்ஜில் இக்கோளாறு தெரிவதில்லை என்ற மறுப்பும் நிற்காது. வினவுபவர் இல்லையென்று கண்டால் அந்த பிரிட்ஜ் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடுகிறது.

கெர்னலில் பிழையே இருக்காது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதன் மேல் புகார் எழுதுமுன், இடைமுகத்தில் பாக்கெட் பிடிப்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, 224.0.0.1க்குக் கேள்வி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ஸ்விட்சிலோ ரவுட்டரிலோ வினவும் வசதியை இயக்குங்கள். ஆய்வகக் கையேடுகள் இந்தச் சோதனையை முதல் படியாக வைக்க வேண்டும்.