மார்க்கமும் அரசும்: கொச்சி யூதர்களின் வரலாறு தரும் படிப்பினை



யூதர் என்றாலே இஸ்ரேல் அரசின் ஆதரவாளர் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. யூத மார்க்கத்தைப் பேணி நடந்தவர்களிடையேதான் அந்த அரசைப் பற்றிய கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. இன்றும் அது ஓயவில்லை.

1897இல் தியோடர் ஹெர்சல் முதல் சியோனிச மாநாட்டை ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடத்த எண்ணினார். அங்கிருந்த யூதர்களும் ஜெர்மானிய ரப்பிகளும் எதிர்த்ததால் அது சுவிட்சர்லாந்தின் பாஸல் நகருக்கு மாற்றப்பட்டது. மெசியா தோன்றும்வரை பொறுத்திருப்பதே கடமை, மனிதர் தம் வலிமையால் நாடு அமைப்பது இறைவனின் திட்டத்தில் குறுக்கிடுவதாகும் என்று வைதிக ரப்பிகள் பலர் வாதிட்டனர். ரப்பி ஆபிரகாம் ஐசக் கூக் (1865-1935) இதற்கு மாறாகச் சிந்தித்தார். மார்க்கப் பற்றில்லாதவர்கள் நாடு அமைக்கப் பாடுபட்டாலும், தம்மை அறியாமலேயே அவர்கள் இறைநாட்டத்தை நிறைவேற்றுகிறார்கள் என்பது அவர் கருத்து.

1912இல் தோன்றிய அகுதத் இஸ்ரேல் அமைப்பு சியோனிசத்தை எதிர்த்துவந்தது. சனிக்கிழமை ஓய்வு, உணவு விதிகள், திருமணச் சட்டம், மார்க்கக் கல்வி ஆகியவை காக்கப்படும் என்று 1947 ஜூனில் பென்குரியன் அதற்குக் கடிதம் எழுதினார். அதன்பின் அவ்வமைப்பு அரசோடு ஒத்துப்போனது. அதிலிருந்து 1938இல் பிரிந்த நெதுரே கார்த்தா பிரிவினரோ இஸ்ரேலை இன்றளவும் ஏற்கவில்லை.

இந்தக் கேள்வி ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. தர்மபுரியிலிருந்து சேலம், கோவை வழியாக ஓரிரவுப் பயணத் தொலைவிலுள்ள கொச்சியின் வாயிலையும் அது தட்டியது. சுமார் கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், ஜோசப் ரப்பான் என்ற யூதருக்குச் செப்பேட்டில் உரிமைகள் வழங்கினார். மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டி 1568இல் எழுந்த யூத வழிபாட்டுத்தலம் இன்றும் நிற்கிறது. உள்நாட்டு மன்னர்களின் ஆதரவில் அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர்.

அப்படியிருந்தும் 1948இல் இஸ்ரேல் உருவானதும் அவர்கள் புறப்படத் துடித்தனர். அந்த அரசை நடத்தியவர்கள் சமதர்மம் பேசியவர்கள், மார்க்கத்தை அரசியலுக்கு அடிப்படையாகக் கொள்ளாதவர்கள். ஆனால் கொச்சி யூதர்களோ அதைப் புனித பூமிக்குத் திரும்பும் வாக்குறுதியின் நிறைவேற்றமாகவே கண்டனர். யானைக்கால் நோய் பரவும் என்ற அச்சத்தால் இஸ்ரேல் அவர்களது வருகையைத் தாமதப்படுத்தியது. ‘யூத காந்தி’ எனப்பட்ட வழக்கறிஞர் ஏ.பி. சேலம் 1953இல் அங்கு சென்று அவர்களுக்காக வாதாடினார். 1953 முதல் 1955 வரை பெரும்பாலோர் குடியேறினர். அவர்களில் பலர் நெகேவ் பாலைநிலத்தில் நெவாதிம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். சேலம் கொச்சியிலேயே தங்கி, 1967இல் இறந்தார்.

கொங்கண் கரையிலிருந்து சென்ற பெனே இஸ்ரேல் யூதர்களின் அனுபவம் இன்னும் கசப்பானது. அவர்களுடன் மணவுறவு கொள்ளுமுன் வம்சாவளியை விசாரிக்க வேண்டுமென 1960களின் தொடக்கத்தில் தலைமை ரப்பிகள் உத்தரவிட்டனர். மார்க்கத்திற்காக நாடு துறந்தவர்களை மார்க்கத் தலைமையே சந்தேகித்தது! அவர்கள் ஜெருசலேமில் போராடினர். 1964 ஆகஸ்டில், அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று அறிவித்தது மார்க்கத் தலைமையன்று, அரசாங்கம்.

சிந்தியுங்கள்! 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தனர். அந்த அநீதியை எடுத்துரைப்பது நம் கடமை. ஆனால் ஓர் அரசின் செயலுக்காக ஒரு சமுதாயம் முழுவதையும் வெறுப்பது நீதியாகாது. வேதக்காரர்கள் அனைவரும் ஒரே நிலையினர் அல்லர் என்பதை ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 113ஆம் வசனம் உணர்த்துகிறது. மதீனா உடன்படிக்கையில் யூதர்கள் தம் மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமையை நபி (ஸல்) அவர்கள் உறுதிசெய்தார்கள். நம் பிள்ளைகள் யூதர் என்ற சொல்லைக் கேட்கும்போது, இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.

கோபத்திலும் நீதி தவறாத உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.