நூலில் கோத்த காசு

ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிக்காட்டைத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டினார். அங்கே கிடைத்த பொன் நெற்றிப்பட்டங்கள் மெல்லிய நீள்வட்டத் தகடுகள். நூல் கோத்துக் கட்ட முனைகளில் துளை இருக்கும். காசு என்ற சொல்லின் பழம்பொருளும் இந்தத் துளைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் கிளி கவ்விய வேப்பம்பழம் நூலில் கோக்கப் பிடித்த பொற்காசாகத் தெரிகிறது. அது சந்தையில் மாறிய காசு அல்ல, அணிகலத்தில் ஒரு மணி. நாணயத்துக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது என்பதே என் முடிவு.

ரோமில் பெயர் கட்டடத்திலிருந்து வந்தது. ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டி நாணயம் அடிக்கும் அக்கசாலை இருந்ததால், கோயிலின் பெயரே நாணயத்துக்கும் ஆனது. ஆங்கிலத்தின் 'மனி' அதன் வழிவந்தது. ரோமர் தம் கட்டடங்களையே காசிலும் பொறித்தார்கள். நீரோவின் பெரிய செப்புக்கலவைக் காசில் ஓஸ்டியா துறைமுகம் கப்பல்களோடு நிற்கும். டைட்டஸின் காசில் கூட்டம் நிறைந்த கொலோசியம். அரசர் கட்டியதைக் கடைத்தெருவுக்குச் சொல்ல இதைவிட மலிவான வழி ஏது?

ஆனால் அந்தச் செப்புக்கலவைக் காசு பாண்டியரின் துறைமுகமான கொற்கைக்கு வர வேலையில்லை. அதன் மதிப்பு ரோம அரசின் ஆணையில் இருந்தது. ஆணை செல்லாத இடத்தில் அது வெறும் எடை. முத்துக்கும் மிளகுக்கும் பொன்னும் வெள்ளியும் வந்தன. சில்லறைக்குப் பாண்டியரின் யானையும் மீனும் பொறித்த சதுரச் செப்புக்காசு இருந்தது. பின்னாளில் நிலை மாறியது: 4, 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு ரோமச் செப்புக்காசுகள் மதுரையிலும் கரூரிலும் கிடைக்கின்றன. இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு வந்த பொற்காசுகள் சிலவற்றில் சீசரின் தலைக்கு மேல் துளை போட்டிருக்கிறது. துறைமுகமோ சீசரோ, இங்கே அது கழுத்துக்குப் போகிற பொன்தான்.

9ஆம் நூற்றாண்டில் காசு முழுக்க முதலாகிவிட்டது. வரகுண பாண்டியன் திருச்செந்தூர்க் கோயிலுக்கு 1400 காசு அளித்து, அதை ஊர்களிடம் ஒப்படைத்தான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் பொலிசை, அதாவது வட்டி. வாங்கிய ஊர்களில் கொற்கையும் உண்டு.

பிறகு காசு செம்புக்கு இறங்கியது. போர்த்துகீசியர் அதைத் தம் வாய்க்கு ஏற்பத் திரித்தார்கள். அவர்கள் வழியே ஆங்கிலேயர் சிறு செப்புக்காசைக் 'கேஷ்' என்றார்கள். ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டியிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமைப்படுகிறவர்கள் நம்மிடையே நிறைய. அந்தச் செப்புக்காசுக்குச் சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியார் வைத்த கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்.