கார் பிரேக் திடீர்னு 'கட்டை' மாதிரி இறுகுதா? பூஸ்டரை சோதிக்க 3 எளிய வழிகள்

பூந்தமல்லி:

சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையில் பூந்தமல்லி, நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் வழியாக இரவு பகலாக வாகனங்கள் பறக்கின்றன. முன்னால் போகும் லாரி திடீரென நின்றால் பின்னால் வரும் காருக்கு பிரேக் ஒன்றுதான் துணை. அந்த நேரத்தில் பெடல் கட்டை மாதிரி இறுகிக்கொண்டால் என்ன ஆகும்?

"பிரேக் பிடிக்கலை" என்று சொல்லி மெக்கானிக் கடைக்கு வரும் கார்கள் எல்லாவற்றிலும் பிரேக்கே பழுதாகி இருப்பதில்லை. பல நேரங்களில் பெடலுக்கு பலம் கொடுக்கும் 'பூஸ்டர்'தான் வேலை செய்யாமல் போயிருக்கும்.

பூஸ்டர் என்றால் என்ன?

பானட்டைத் திறந்தால் டிரைவர் பக்கம் கருப்பாக, வட்டமாக, சட்டி போல ஒன்று தெரியும். அதுதான் பூஸ்டர். உள்ளே ரப்பர் டயப்ரம் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அதன் இரண்டு பக்கமும் உள்ள காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடம் உண்டாகிறது. பெடலை மிதித்ததும் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று புகுந்து டயப்ரத்தைத் தள்ளுகிறது. காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ. டயப்ரம் பெரியது என்பதால் காலின் பலம் பல மடங்காகிறது.

இந்த முறையை 1927-ல் பெல்ஜியம் நாட்டு இன்ஜினியர் ஆல்பர்ட் டெவாண்டர் உருவாக்கினார்.

பெட்ரோல் காரில் இன்ஜினின் மேனிபோல்டே காற்றை உறிஞ்சிக் கொடுத்துவிடும். டீசல் இன்ஜினில் அந்த வசதி இல்லை. அதனால் தனியாக வேக்கம் பம்ப் உண்டு. டாடா இண்டிகா டீசல் போன்ற வண்டிகளில் இது டைனமோவின் பின்புறமே பொருத்தப்பட்டிருக்கும். டைனமோ பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமல்ல, பிரேக் பலமும் சேர்ந்து போய்விடும்.

இறுகினால் ஒன்று, இறங்கினால் வேறு

பெடல் கல் மாதிரி இறுகினால் பெரும்பாலும் பூஸ்டர் பக்கம் பழுது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் லீக், லைனில் காற்று, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கோளாறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நல்ல பார்ட்ஸை மாற்றி காசு வீணாகும். பழுது அப்படியே இருக்கும்.

வண்டியை சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து இந்த சோதனைகளைச் செய்யலாம்.

சோதனை 1: இன்ஜினை ஆஃப் செய்து பெடலை 5 அல்லது 6 முறை மிதிக்க வேண்டும். பெடல் இறுகும். அதை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லை என்றால் பழுது.

சோதனை 2: இன்ஜினை 2 நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்ய வேண்டும். சில நிமிடம் கழித்து பெடலை மிதிக்க வேண்டும். முதல் மிதி ஆழமாகவும், அடுத்தடுத்த மிதி மேலே மேலேயும் நின்றால் சரி. முதல் மிதியே இறுகினால் ஒருவழி வால்வு அல்லது ஹோஸில் காற்று கசிகிறது.

சோதனை 3: இன்ஜின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்து, அப்படியே ஆஃப் செய்ய வேண்டும். 30 விநாடி வரை பெடல் அதே இடத்தில் நிற்க வேண்டும். காலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தால் பூஸ்டரில் கசிவு. உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும்.

பூஸ்டரை மாற்றும் முன்...

முதலில் ஹோஸைப் பார்க்க வேண்டும். வெடிப்பு, கழன்ற கிளிப், உள்பக்கம் சப்பிப்போன ரப்பர் என்று சின்ன விஷயமாகவே இருக்கலாம். பூஸ்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போது விரலை வைத்தால் 'சுள்'ளென்று இழுக்க வேண்டும். இழுப்பு இல்லை என்றால் ஹோஸ், வால்வு அல்லது பம்ப். நன்றாக இழுத்தும் பெடல் இறுகினால்தான் பூஸ்டர்.

ஒருவழி வால்வில் வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும்.

பெடலை மிதிக்கும்போது 'உஸ்'ஸென்று சத்தம் நிற்காமல் வந்து, இன்ஜின் ஐடிலிங்கும் தடுமாறினால் டயப்ரம் கிழிந்திருக்கலாம். வெளியே சொட்டு இல்லாமல் பிரேக் ஆயில் குறைந்தால், அது மாஸ்டர் சிலிண்டரில் இருந்து பூஸ்டருக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

விலை உயர்ந்த கார்களும் இதற்குத் தப்பவில்லை. 2004 முதல் 2015 வரை தயாரான எம்.எல்., ஜி.எல்., ஆர் கிளாஸ் உள்பட சுமார் 10 லட்சம் கார்களை 2022-ம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் உலகம் முழுவதும் திரும்ப அழைத்தது. ஈரம் தங்கி பூஸ்டர் துருப்பிடிக்கலாம் என்பதுதான் காரணம்.

ஓடும்போது இறுகினால்?

பூஸ்டர் போனாலும் பிரேக் அடியோடு போய்விடாது. கால் பலம்தான் அதிகம் வேண்டும். பதறி விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. மிச்சம் இருக்கும் பலமும் தீர்ந்துவிடும். ஒரே அழுத்தாக, தேவைப்பட்டால் இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும். கியரைக் குறைத்து, ஹசார்டு விளக்கைப் போட்டு ஓரம் கட்ட வேண்டும். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கலாம்.

மேம்பால இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் செய்து உருட்டுவது ஆபத்து. ஒன்றிரண்டு மிதியிலேயே பூஸ்டர் பலம் தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகும். கயிறு கட்டி இழுத்துவரும் காரிலும் இதே கதைதான்.

இறுகிய பிரேக்கோடு "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று நெடுஞ்சாலையில் ஏறாமல், பக்கத்து மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் புறப்படுவதே உயிருக்குப் பாதுகாப்பு.