பெரும்பான்மை என்னும் புனைவு

'பெரும்பான்மை தீர்மானித்துவிட்டது' என்கிறார்களே, அந்தப் பெரும்பான்மையே தொகுதிகளால் கட்டமைக்கப்படுவது என்கிறேன் நான். இலங்கையைப் பாருங்கள். 1970இல் ஐக்கிய முன்னணி வாங்கிய ஓட்டு ஏறத்தாழ 49 விழுக்காடு. கிடைத்த இடங்களோ 151இல் 116. 1972 அரசியலமைப்பை எழுதியவர்கள் இவர்கள்தாம். 1977இல் ஐ.தே.க.வின் 51 விழுக்காடு, 168இல் 140 ஆக ஊதியது. சுதந்திரக் கட்சியின் 30 விழுக்காடு நாடெங்கும் சிதறிக் கிடந்ததால் எட்டு இடமாகச் சுருங்கியது. ஏழு விழுக்காடுகூட வாங்காத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு, ஓட்டு வடக்கு கிழக்கில் குவிந்திருந்ததால் 18 இடம், எதிர்க்கட்சித் தலைமை. ஆனா அதை வைச்சு எதைத் தடுக்க முடிந்தது?

ஆறில் ஐந்து பங்கு இடங்களோடு 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறையை எழுதியவர்களே விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் கொண்டுவந்தார்கள். நியாயமான முறைதான். ஆனால் அவர்கள் எழுதியதை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். புதிய முறையில் 2024வரை எந்தத் தேர்தலும் அதை யாருக்கும் தரவில்லை. அநியாயக் கணக்கில் எழுதிவிட்டு, நியாயக் கணக்கால் பூட்டுப் போட்டார்கள்.